சிவப்புக்கு மேல கறுப்பு

ராசிபுரம்
4.10.2025

கதிர்வேல் அண்ணனுக்கு,

நேத்து போன்ல பாதிப் பேச்சுல வெச்சுட்டீங்க. அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. அதனாலதான் இந்தக் கடுதாசி. கம்பெனி வேன் டிரைவர்கிட்டக் குடுத்துவிடறேன். கிழிச்சுப் போடறதா இருந்தாக்கூட முன்னாடி ஒருக்கா கண்ணுல ஓட்டித்தான ஆகோணும். மொதல்ல இருந்தே எழுதறேன். நாளைக்கு "நீ ஒண்ணுமே சொல்லல சத்யா"ன்னு நீங்க சொல்லக்கூடாது.

பூசைக்கு முந்தின வாரம் கரண்டு போயிப் போயி வந்துச்சே, அன்னிக்கு ஊத்துன பிரேக் டிரம்முல கொஞ்சம் சரியில்ல. உருக்குன இரும்பு சூடு கொறஞ்ச பொறகு அச்சுல ஊத்தியிருக்காங்க. போல்ட் ஓட்டைக்குப் பக்கத்துல தலைமசிரு மாதிரி கீறல். லாரிச் சக்கரத்துக்குள்ள இருந்து வண்டிய நிறுத்தற சாமானுங்க அது, பூச்சட்டி இல்ல. ஒவ்வொண்ணையும் தொங்கவிட்டுச் சுத்தியல்ல தட்டிப் பாத்தேன். நல்லதுன்னா கணீர்னு கேக்கும். கீறல் விட்டதுன்னா மொக்கையாக் கேக்கும். நாப்பத்தொண்ணு மொக்கை. எல்லாத்துக்கும் சிவப்புப் பெயிண்டுல பட்டை போட்டுப் பின்பக்கம் காம்பவுண்டு ஓரமா ஒதுக்கி வெச்சேன்.

நம்ம கம்பெனி வழக்கம் என்னங்க? ஒதுக்குனதை அன்னிக்கே சம்மட்டியில ஒடைச்சு மறுபடி உருக்கப் போடோணும். நீங்கதான் "ஆயுத பூசைக்குச் சம்மட்டிய சாமிகிட்ட வெச்சாச்சு, நோம்பி நாள்ல எதையும் ஒடைக்க வேண்டாம், முடிஞ்சு பாத்துக்கலாம்"னீங்க. சரின்னு நானும் மாமியா ஊட்டுப் பூசைக்கு இங்க வந்துட்டேன்.

நேத்து கம்பெனிக்கு வந்து பாத்தா குவியலைக் காணோம். கேட்டைப் பெயிண்ட் அடிக்க வந்த ஆளுங்க அதுக்கும் கறுப்பு அடிச்சுட்டாங்களாம். உங்க பொண்ணு கிருத்திகாவைக் கட்டிக்குடுக்கப் போற நாமக்கல்லுச் சம்பந்தி பூசைக்கு வாராரு, எடம் பாக்க லட்சணமா இருக்கோணும்னு நீங்க சொன்னீங்களாம். நம்மகிட்ட கறுப்பு அடிச்சா பாஸானதுன்னு அர்த்தம். கூட்டற ஆத்தாயிக்குக்கூடத் தெரியும் அது. மறுநாள் விசயதசமிக்கு, நல்ல நேரத்துல மொத லோடுன்னு, அதையும் சேத்து ஏத்தி அந்தச் சம்பந்தி கடைக்கே அனுப்பியாச்சு. சூப்பர்வைசர் ஜீவானந்தத்தைக் கேட்டா தலையச் சொறியறான்.

அவரு கடை லாரிச் சாமான் கடை. நாமக்கல்லுல இருக்கற பட்டறைக்காரன் எல்லாம் அங்கதான் வாங்கறான். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வண்டிக்குப் போறதுக்குள்ள ஒரு போன் பண்ணுங்க. "அந்த லோடை விக்காதீங்க, நாங்க வந்து பிரிச்சு எடுத்துக்கறோம்"னு சொல்லுங்க. இவ்வளவுதான் கேக்கறேன். நீங்க பண்ற வரைக்கும் நான் சோலிக்கு வரப்போறதில்ல.

சத்யபிரியா

மல்லசமுத்திரம்
7.10.2025

சத்யா,

குடும்ப விசயத்தை வேன் டிரைவர்கிட்டக் குடுத்துவிட்டிருக்கறே. அவன் கவரை வெயில்ல தூக்கிப் புடிச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டுத்தான் எங்கிட்டக் குடுத்திருப்பான். அறிவுன்னு ஒண்ணு இருக்குதா உனக்கு? இதை நான் ராசிபுரம் பஸ்சுல பார்சலாப் போடறேன். உன்ற ஊட்டுக்காரரைப் போயி எடுத்துக்கச் சொல்லு.

அன்னிக்கு நீ கத்துன கத்துல மெஷின் ஓட்டறவன்ல இருந்து லோடு ஏத்தறவன் வரைக்கும் வேலைய உட்டுட்டு வேடிக்கை பாத்தான். ஒரு மொதலாளிய அவன் ஆளுங்க முன்னாடி "உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா"ன்னு கேட்டவ நீ. வேற எவளாவது கேட்டிருந்தா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன். என்ற கண்ணாலத்துல இணைச்சீருக்கு எம்பக்கத்துல உக்காந்த தங்கச்சியாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

நடந்தது என்ன? கலந்து போச்சு. பெயிண்ட் அடிக்க வந்தவனுக்கு உன்ற சிவப்பு என்ன தெரியும், கறுப்பு என்ன தெரியும்? ஏத்துனவன் கறுப்பா இருக்குதுன்னு ஏத்திட்டான். இதுல நான் என்ன பண்ணினேன்? ஒடைக்காம உட்டுட்டுப் போனது நீயில்லையா? அவ்வளவு அக்கறை இருக்கறவ பூசைக்கு முந்தின நாளே ஒடைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கோணும். நான் வேண்டாம்னு சொன்னா நீ கேக்கற ஆளாக்கும்.

இன்னொண்ணு. நீ ஓசூர்ல பெரிய கம்பெனில செக்கிங் பாத்துட்டு வந்தவ. அங்க பூதக்கண்ணாடி போட்டுப் பாத்த புத்தி இன்னும் போகல. நீ ஒதுக்கறதுல பாதி நல்ல சரக்குன்னு நான் எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கறேன். தட்டுனா மொக்கையா கேக்குதாம். உன்ற காதுல சளி கட்டியிருக்கும், போயி டாக்டரைப் பாரு.

சம்பந்தி தீபாவளி யாவாரத்துக்கு முழு லோடு கேட்டிருந்தாரு. முழு லோடு குடுத்தேன். ஐப்பசிக் கடைசில கிருத்திகாவுக்கு நிச்சயம். இப்பப் போயி, "உங்களுக்கு அனுப்புன சரக்கு நொள்ளைச் சரக்குங்க"ன்னு நான் சொல்லோணுமாக்கும். சொன்னா என்ன நெனைப்பாரு? சாமானே இப்படின்னா பொண்ணு எப்படியோன்னு நெனைக்க மாட்டாரா? நீ தூக்கி வளத்த புள்ளதான அவ. அவ மூஞ்சிய நெனைச்சுப் பாத்தியா ஒரு நிமிசம்?

சோலிக்கு வாரதா இருந்தா வாயை மூடிக்கிட்டு வா. இல்லாட்டி ஊட்டுல இரு.

கதிர்வேல்

ராசிபுரம்
10.10.2025

அண்ணா,

இந்தப் பார்சல் கனமா இருக்கும். பாத்துத் தூக்குங்க. உள்ள இருக்கறது நம்ம டிரம்மோட ஒரு துண்டு. கறுப்பைச் சித்தெ சுரண்டிப் பாருங்க. கீழ நான் போட்ட சிவப்பு இருக்குது.

புதன்கிழமை நான் நாமக்கல் போனேன். உங்க சம்பந்தி கடையில இல்ல. கவுண்டர்ல ரஞ்சனின்னு ஒரு புள்ள இருந்துச்சு, என்னைய அதுக்குத் தெரியாது. எங்க ஊட்டு வண்டிக்கு டிரம் வேணும், பாத்து எடுத்துக்கறேன்னு சொல்லிக் குடோனுக்குள்ள போயி, பையில கொண்டுபோன சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பிச்சேன். மூட்டை தூக்கறவங்க எல்லாம் கூடிட்டாங்க. "ஏனுங்கக்கா, தேங்காயா வாங்க வந்தீங்க, இந்தத் தட்டுத் தட்டறீங்க"ன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே தட்டுனேன். மொக்கையாக் கேட்டதை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளுனேன். என்ற காதுல சளி இல்லீங்க அண்ணா. முப்பத்தஞ்சு அங்கயே இருக்குது. மிச்சம் வித்தாச்சு.

அதுல ஒண்ணைக் காசு குடுத்து வாங்கியாந்து எங்க வாசல்ல வெச்சுச் சம்மட்டியில போட்டேன். நல்ல டிரம்மா இருந்தா என்னால முடியுமா? மூணாவது அடிக்கே ஓட்டைக்கு ஓட்டை கோடு போட்டாப்புல பொளந்துருச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்க, புருசன் பொண்டாட்டி சண்டைன்னு எட்டிப் பாத்தாங்க.

ஒடைக்காம உட்டுட்டுப் போனது என்ற தப்புத்தான். ஒத்துக்கறேன். சாமி காரியம்னு நீங்க சொன்னதும் சரின்னு பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். அந்தச் சாமி இதையெல்லாம் கேட்டுச்சா என்ன. ஆனா நான் ஒரு தப்புப் பண்ணினேன்னு நீங்க அதுக்கு மேல உக்காந்துக்குவீங்களா?

"கலந்து போச்சு"ன்னு எழுதியிருக்கறீங்க. கறுப்பு அடிச்சது சரி, பெயிண்டருக்குத் தெரியாது. ஆனா அது பின்பக்கம் காம்பவுண்டு ஓரத்துல கெடந்துச்சு. பாஸான சரக்கு முன்னாடி ஷெட்டுல இருந்துச்சு. நடுவுல இரும்பு உருக்கற பவுண்டரியே இருக்குது. அங்க இருந்து நடந்து வந்தா கலந்துச்சு? எனக்கு ஒண்ணும் புரியல. ஜீவானந்தத்தைக் கேட்டா போனை எடுக்கறதில்ல.

நான் யாருன்னு சொல்லி, மூலையில தள்ளுனதை விக்காம வெச்சிருன்னு ரஞ்சனிகிட்டச் சொன்னேன். "கம்பெனில இருந்து எங்க மொதலாளிக்குப் போன் வந்தாத்தானுங்க வெப்போம்"னு சொல்லிருச்சு. நியாயம்தான. கிருத்திகா மூஞ்சிய நெனைச்சுப் பாத்தியான்னு கேக்கறீங்க. பாத்தேன். தெனமும் பாக்கறேன். அவளுக்காகத்தான் நான் ரோட்டுல நின்னு கத்தாம இன்னும் உங்களுக்கு எழுதிக்கிட்டு இருக்கறேன். எனக்குக் கோவம் மட்டும் இல்லீங்க, பயமா இருக்குது. லாரி ஹாரன் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப்போயிப் பாக்கறேன்.

ஒரு போன் அண்ணா.

சத்யா

மல்லசமுத்திரம்
13.10.2025

சத்யபிரியா,

பார்சலைப் பிரிச்சது என்ற ஊட்டுக்காரி சித்ரா. பலகாரம்னு நெனைச்சுப் பிரிச்சு, இரும்பைக் கால்ல போட்டுக்கிட்டு நகம் பேந்து கெடக்கறா. உன்ற நங்கைக்கு நீ அனுப்புன தீபாவளிச் சீர் நல்லா இருந்துச்சு.

சம்பந்தி போன் பண்ணினாரு. "உங்க தங்கச்சி கடைக்கு வந்து தேங்கா தட்டிட்டுப் போச்சாமா"ன்னு கேட்டாரு. என்ற மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது? அவளுக்கு ஊட்டுல கொஞ்சம் மனசு சரியில்லீங்கன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

இனிமே கம்பெனி கேட்டைத் தாண்டி நீ உள்ள வரக்கூடாது. செக்கிங் ரூம் சாவியக் குடுத்தனுப்பு. அந்தச் சோலிக்கு வேற ஆளு போட்டாச்சு.

கதிர்வேல்

ராசிபுரம்
17.10.2025

கதிர்வேல் அவிங்களுக்கு,

சாவி இதுக்குள்ள இருக்குது. எடுத்துக்குங்க.

எனக்கு மனசு சரியில்லைன்னு சொன்னீங்களாம். நல்லது. பைத்தியக்காரி எழுதறதாவே வெச்சுக்கிட்டுப் படிங்க.

வித்துப் போனது எங்கெங்க போச்சுன்னு ரஞ்சனிகிட்டக் கெஞ்சிக் கேட்டு வாங்குனேன். அந்தப் புள்ளைக்கும் மனசு கேக்கல. பட்டறை பட்டறையாப் போனேன். "செக்கிங்குக்கு வந்திருக்கறமுங்க, மாத்திக் குடுப்போம்"னு சொல்லி ஒரு பட்டறையில ரெண்டைத் திருப்பி வாங்குனேன். இன்னொரு பட்டறைக்காரன் மாட்ட வெச்சிருந்த ரெண்டை எம்முன்னாடியே தட்டிப் பாத்துட்டு, "அட கெரகமே, இதையா வண்டிக்குப் போடப் பாத்தேன்"னு அவனே சம்மட்டியில ஒடைச்சுப் போட்டான். அவனுக்கு இருக்கற பயம் உங்களுக்கு இல்ல.

கடைசியா ஒரு சோடி மாட்டியாச்சு. சேந்தமங்கலத்துக்காரரு ஒருத்தரு வண்டி. கொல்லிமலையில குச்சிக்கிழங்கு ஏத்திக்கிட்டு, ஜவ்வரிசி பண்ற சேகோ பேக்டரிக்கு எறங்கற வண்டி. டிரைவர் பேரு சடையன். எழுவது வளைவுங்க அந்த மலையில. லோடோட எறங்கறப்ப பிரேக்கை நம்பித்தான் எறங்கறாங்க.

நேத்து வண்டி ஓனர் ஊட்டுக்கே போனேன். எல்லாத்தையும் சொன்னேன். அவரு நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சாரு, உக்காரச் சொல்லி மோர் குடுத்தாரு. அப்புறம், "கம்பெனிக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்"னு எம்முன்னாடியே உங்களுக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டாரு அண்ணா. நீங்க பேசுனதை நான் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பாகப் பிரச்சினை, குடும்பச் சண்டை. டிரம்மு நல்ல டிரம்மு, என்ற பொறுப்பு. தைரியமா ஓட்டச் சொல்லுங்க."

என்ற பொறுப்புன்னு சொன்னீங்க.

நமக்குள்ள என்ன பாகம் இருக்குது? நான் எப்பப் பாகம் கேட்டேன்? உங்க வாயில அவ்வளவு சுளுவாப் பொய் வந்ததைக் கேட்டுட்டு மோர் டம்ளரை வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். "அண்ணன் தங்கச்சி சண்டையில எங்க வண்டிய இழுக்காதீங்கம்மா"ன்னாரு அவரு. சடையன் ஊரு எது, போன் நம்பர் என்னன்னு கேட்டேன். தர மாட்டேன்னுட்டாரு.

ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. சடையன் தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டான், வண்டி ஷெட்டுல நிக்குது, நோம்பி கழிஞ்சுதான் மலைக்குப் போகும்னு. அதுவரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்குது. நான் சொன்னா அவரு கேக்கறதில்ல. நீங்க சொன்னாக் கேப்பாரு. "மாட்டுன சோடியக் கழட்டுங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை. சம்பந்திக்குத் தெரிய வேண்டாம், ஊருக்குத் தெரிய வேண்டாம், என்னைய எப்படி வேணும்னாலும் சொல்லிக்குங்க. பைத்தியம்னு சொல்லுங்க, சொத்துக்குச் சண்டை போடறவள்னு சொல்லுங்க. அந்த மனுசன் மலை ஏறாம இருந்தாப் போதும்.

போலீசுக்குப் போலாம்னு என்ற ஊட்டுக்காரரு சொல்றாரு. போனா உங்க பேரைத்தான நான் எழுதோணும். கை வர மாட்டேங்குது. அது உங்க மேல இருக்கற பாசமா, என்ற கோழைத்தனமான்னு எனக்கே தெரியல. இத்தனைக்குப் பொறகும் கை வரலைன்னு என்ற மேலயே எனக்குக் கோவமா வருது.

சத்யபிரியா

மல்லசமுத்திரம்
23.10.2025

சத்யா,

போன்ல சொல்ல எனக்கு வாய் வரல, வேன்லயே குடுத்துவிடறேன். இதைப் படிச்ச உடனே சுத்தியலை எடுத்துக்கிட்டு நாமக்கல் போ. ஜீவானந்தம் சம்மட்டியோட அங்க வருவான். நீ மூலையில தள்ளுனதுல எது எது மிச்சம் இருக்குதோ அதை அங்கயே ஒடைச்சுப் போடுங்க. வித்துப் போனது எந்தப் பட்டறைன்னு ரஞ்சனியக் கேளு. யாராவது தடுத்தா கதிர்வேல் சொன்னான்னு சொல்லு. நான் கூட வர முடியாது. சேந்தமங்கலம் போலீஸ் ஸ்டேசனுக்குப் போறேன்.

உன்ற கடுதாசி நோம்பிக்கு முன்னாடியே வந்துருச்சு. படிச்சேன். போன் பண்ணலை. தீபாவளிக்கு மறுநாள் சம்பந்தி ஊட்டுல இருந்து பலகாரத்தோட வாரதா இருந்தாங்க. அவங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு இருந்துட்டேன்.

வந்தாங்க, சாப்பிட்டாங்க. சம்பந்தி கை கழுவப் போறப்ப நானா மெதுவாப் பேச்செடுத்தேன். "அந்த லோடுல கொஞ்சம் சந்தேகம் இருக்குதுங்க, மாத்திக் குடுத்தறேன்"னு சொன்னேன். அந்தாளு சிரிச்சான். "தெரியுமுங்க. உங்க தங்கச்சி வந்துட்டுப் போனதும் நானே எடுத்துத் தட்டிப் பாத்தேன். மொக்கையாத்தான் கேட்டுச்சு. தீபாவளி யாவாரத்துல பாதிக்கு மேல தள்ளியாச்சு. வண்டி எங்காவது மோதுனா டிரைவர் தூங்கிட்டான்னுதான எழுதப் போறாங்க. இதுக்குப் போயி வெசனப்படறீங்களே"ன்னான். சொல்லிட்டுத் துண்டுல கையத் தொடைச்சுக்கிட்டு, காப்பித் தண்ணி வரலையான்னு கேட்டான்.

எந்த மனுசன் என்ன நெனைப்பானோன்னு இத்தனை நாளு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தனோ, அவனுக்கு அதுல ஒண்ணுமே இல்ல சத்யா. அவனை அங்கயே அறையோணும்னு கை வந்துச்சு. அறையறதுக்கு நான் யாரு? அந்த ஊட்டுக்குக் கிருத்திகா போகப் போறதில்ல. சித்ராகிட்டச் சொல்லிட்டேன். கிருத்திகாகிட்டயும் ஏன்னு சொல்லிட்டேன். அப்போ இருந்து அவ எங்கிட்டப் பேசறதில்ல.

அப்பவே வண்டிக்காரருக்குப் போன் பண்ணியிருக்கோணும். தலை வலிக்குதுன்னு, காலையில பேசிக்கலாம்னு படுத்துட்டேன். நேத்து எந்திரிச்சுப் போடறதுக்கு மத்தியானம் ஆயிருச்சு. நான் பேர் சொன்னதும் அவரு, "நீயே பேசிக்கய்யா"ன்னு ஒரு நம்பரைக் குடுத்துட்டு வெச்சுட்டாரு. அந்தக் குரல்லயே எனக்குப் புரிஞ்சிருக்கோணும்.

எடுத்தது சடையன் சம்சாரம். மாரக்காள்னு பேரு. "உங்க ஊட்டுக்காரரை வண்டி எடுக்க வேண்டாம்னு சொல்லும்மா"ன்னேன். "வண்டி நின்னுருச்சுங்க"ன்னா. நாமக்கல் ஆஸ்பத்திரில இருக்கறாங்களாம். விடியற நேரத்துல லோடோட எறங்கியிருக்கறான். பாதி மலையில பிரேக்கை மிதிச்சா ஒண்ணுமில்ல. நல்ல புத்தியா பள்ளத்துப் பக்கம் போகாம, மலைப்பக்கமா ஒடிச்சுப் பாறையில மோத வெச்சு நிறுத்தியிருக்கறான். உசிரு இருக்குது. வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு.

நான் யாருன்னு சொன்னேன். டிரம்மு எங்க கம்பெனிதுன்னு சொன்னேன். அதுல கீறல் இருந்துச்சுன்னு சொன்னேன். அவ அழுவல. திட்டவும் இல்ல. நீ திட்டுன மாதிரி ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நான் எதுத்துப் பேசியிருப்பேன். "எப்பங்க உங்களுக்குத் தெரிஞ்சுது?"ன்னு மட்டும் கேட்டா.

நேத்துத்தான்னு சொல்லியிருக்கலாம். என்ற தங்கச்சி எழுதுன அன்னிக்குன்னு சொல்லியிருக்கலாம். உங்கிட்டயே நான் உண்மையச் சொல்லல. அவகிட்டச் சொன்னேன். "ஏத்தறப்பவே தெரியும்மா"ன்னேன்.

கலந்து போகல சத்யா. விசயதசமி அன்னிக்கு லோடு கொறஞ்சுது. பூசைக்கு வந்து தங்குன சம்பந்தி சந்தனத்தைப் பூசிக்கிட்டு வாசல்ல நிக்கறான். ஜீவானந்தம் எங்கிட்ட வந்து, "பின்னாடி இருக்கறது அக்கா ஒதுக்குனதுங்க, கறுப்பு அடிச்சிருக்குது, ஏத்தட்டுமா"ன்னு கேட்டான். ஏத்துன்னேன்.

ஆஸ்பத்திரில யாரோ மாரக்காளைக் கூப்புடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் "சரிங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

கதிர்வேல்